கண்ணாடிக்கூட்டுக்குள் ஒரு பட்டறை

மூன்றரை வருடம் நான் இடுப்பில் ஒரு மல்டி டூலைக் கட்டிக்கொண்டு சைகோனில் திரிந்தேன். தோல் உறை போட்டது. பெல்ட்டில் கோத்தது. நடக்கும்போது தொடையில் தட்டித் தட்டி, 'நீ சாதாரண ஆள் இல்லை' என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வரும். அதற்குள் பதினாலு கருவிகள் மடங்கிக் கிடந்தன. அந்த மூன்றரை வருடத்தில் நான் அதை வைத்துத் திறந்தவை: பீர் பாட்டில்கள், ஏராளம். அட்டைப்பெட்டி, ஒன்று. என் இடது கட்டைவிரல், ஒரு முறை, நாலு தையல். தையல் போட்ட டாக்டர் எது வெட்டியது என்று கேட்டார். "சமையல் கத்தி" என்று சொன்னேன். அவர் என் இடுப்பைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் அதைப்பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

இதோடு போயிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. என் அசட்டுத்தனத்தை நானே அனுபவித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்தச் சனியனைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தொலைத்தேன். அந்த ஒரு பக்கத்தால் ஒரு பெண்மணியின் வேலை போயிற்று. அவர் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் கோயமுத்தூரிலிருந்து போன் வரும். அந்தப் போனை எடுக்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

எங்கள் கம்பெனி எலக்ட்ரானிக் தராசு விற்றது. கோயமுத்தூரில் செய்து, கப்பலில் ஏற்றி, சைகோனுக்கு இன்னொரு பெயரான ஹோ சி மின் நகரத்தில் இறக்கி, மிளகுக் கிடங்குக்கும் முந்திரி ஆலைக்கும் விற்போம். டான் சோன் நாட் விமான நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், பக்கவாட்டில் திரும்பி நடந்தால்தான் நுழையலாம் போன்ற ஒரு ஒல்லி மாடி வீட்டில் அலுவலகம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு விமானம் தலைக்கு மேல் போகும்போது பேச்சை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். நான் விற்பனை. அந்தப் பெண்மணி சர்வீஸ். சர்வீஸ் டிபார்ட்மெண்ட் என்று வாசலில் ஒரு பலகை இருந்தது. பலகைக்குப் பின்னால் அவர் ஒருவர்தான். வியட்நாமிய ஊழியர்கள் அவரை 'சி அன்' என்று கூப்பிடுவார்கள். இந்தியா அக்கா என்று அர்த்தம். நான் 'மேடம்' என்பேன். என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஆனால் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற துணிச்சல் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் இருந்ததில்லை.

கோபம். அவரைப் பற்றி ஒரு சொல்லில் கேட்டால் அதைத்தான் சொல்வேன். கோயமுத்தூர்க் கோபம், அது வேறு ரகம். மரியாதை குறையாது, கூடும். சாதாரணமாகப் பேசும்போது மூச்சுக்கு ஒரு 'ங்க' வரும். மூன்று வந்தால் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். ஐந்து வந்தால் வெளியே கா ஃபே சுவா டா குடிக்கப் போய்விடுவது உத்தமம். அந்த ஐஸ் காபி உருகித் தண்ணீராகும் வரை திரும்பக் கூடாது.

அவருடைய பட்டறை ஒரு கண்ணாடிக்கூட்டுக்குள் இருந்தது. மூக்குக்கண்ணாடி வைப்பதற்கு, 'டப்' என்று மூடுமே, அந்த மாதிரிப் பழைய கூடு. அதைத் திறந்தால் உள்ளே ஒரு இஞ்ச் காலியிடம் கிடையாது. கட்டைக் கைப்பிடி வைத்த திருப்புளி ஒன்று. கடிகாரக்காரர்கள் வைத்திருப்பது போல ஊசித் திருப்புளி ஒன்று. தகடு மாதிரி மெல்லிய ஸ்பேனர் இரண்டு. சின்ன மூக்குக் குறடு, ஒரு சாவணம், ஒயர் நறுக்க ஒரு நகவெட்டி. தராசுக்கு அடியில் குனியாமல் பார்ப்பதற்குப் பல் டாக்டர்களின் குட்டிக் கண்ணாடி. மிளகுத்தூசி தட்ட, பாதியாக அறுத்த பல் துலக்கும் பிரஷ். பென்சில் துண்டின்மேல் சுற்றிய இன்சுலேஷன் டேப். இரண்டு மூன்று உதிரி நட்டு. ஒரு பழைய போன் கார்டு. போன் கார்டு எதற்கு என்று அன்றைக்குப் புரியவில்லை. பிறகு அவமானப்பட்டுத் தெரிந்துகொண்டேன். எந்தச் சாமானும் அவர் உள்ளங்கையைவிட நீளமில்லை. நீளமாக இருந்ததையெல்லாம் ரம்பத்தால் அறுத்திருந்தார்.

அதைச் சேர்த்த விதம்தான் எனக்குப் பிடிக்கும். வந்த முதல் மாதம் ஒரு கருவிகூட வாங்கவில்லையாம். கம்பெனி கொடுத்த பெரிய இரும்புப் பெட்டியை, அறுபது சாமானோடு, எல்லாக் கிடங்குக்கும் தூக்கிப்போனார். சாயங்காலம் வந்து ஒரு நோட்டில் அன்றைக்குப் பெட்டியை விட்டு எதெது வெளியே வந்தது என்று எழுதினார். மாதக் கடைசியில் பார்த்தால் ஒன்பது.

"மிச்சம் அம்பத்தொண்ணும் சும்மா ஊர் சுத்திப் பாக்க வந்துதுங்க" என்றார். "நாந்தான் தூக்கிச் சுமந்தனுங்க."

அதோடு விடவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மத்தியானம், சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்துக் கூட்டைக் கவிழ்ப்பார். ஒவ்வொன்றாக எடுத்து விசாரணை நடக்கும். "நீ போன மாசம் என்ன பண்ணுனே?" பதில் சரியில்லாத சாமான் அன்றைக்கே வெளியே போகும். அழகான குட்டி டார்ச் ஒன்று, ஜெர்மனியோ எதுவோ, இரண்டு மாதம் சும்மா இருந்ததற்காகக் காவல்காரருக்குப் போய்ச்சேர்ந்தது. "செல்போன்ல லைட்டு இருக்குதுங்களே" என்று அதற்கு மரணத் தீர்ப்பு. நான் அந்த மேஜையில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். அவர் கண் கூட்டிலிருந்து நிமிர்ந்து என்மேல் ஒரு வினாடி தங்கும். போன மாசம் நான் என்ன பண்ணினேன் என்று அவசரமாக யோசிப்பேன்.

மல்டி டூலை அவர் முதலில் பார்த்ததும் அந்த மேஜையில்தான்.

"அது என்னங்க இடுப்புல?"

"மல்டி டூல் மேடம். எம்.டி. குடுத்தது. பதினாலு கருவி."

"எங்கெ, குடுங்க."

ஒவ்வொன்றாக விரித்தார். முழுக்க விரித்ததும் அது செத்த நண்டு மாதிரி மேஜையில் மல்லாந்து கிடந்தது.

"ஒரு போல்ட்டுங்க. அடியில நட்டு. நட்டை முறுக்கோணும், போல்ட்டு கூடச் சுத்தாமப் புடிச்சுக்கோணும். இதுல குறடும் இருக்குது, ஸ்பேனரும் இருக்குது. ரெண்டையும் ஒரே நேரத்துல எப்படிங்க புடிப்பீங்க?"

யோசித்தேன். "இன்னொரு மல்டி டூல் வாங்கணும்."

பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதுகிறவன் என்பதால் எல்லாரும் சிரிப்பார்கள் என்று ஒரு நினைப்பு. அவர் சிரிக்கவில்லை.

"பதினாலு வேலை தெரியுமுன்னு சொல்லுதுங்க. ஆனா ஒரு நேரத்துல ஒண்ணுதாங்க பண்ணும். அதுவும் அரைகொறைங்க. எல்லாத்துக்கும் ஒரே கைப்புடிங்க, எதுக்கும் தோதா இல்லீங்க."

ஐந்து. காபி குடிக்கப் போய்விட்டேன்.

மலைநாட்டில் ஒரு காபிக் கிடங்குக்கு இரண்டு பேரும் விமானத்தில் போக வேண்டியிருந்தது. விமான நிலையத்தில் சோதனைக்காரப் பெண் என் இடுப்பைப் பார்த்ததும் கையை நீட்டினாள். கழற்றிக் கொடுத்தேன். கத்தியை விரித்தாள். "சோய் ஓய்" என்றாள், கடவுளே என்பது போல. இது வேலைக்கான கருவி என்று எனக்குத் தெரிந்த பதினைந்து வியட்நாமிய வார்த்தைகளில் விளக்கினேன். அதில் ஆறு சாப்பாட்டு வார்த்தைகள். மல்டி டூல் ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் விழுந்தது. அடியில் ஏற்கெனவே அது மாதிரி நாலைந்து கிடந்தன. என்னைப்போல் இன்னும் நாலைந்து பேர் அன்று காலை அந்த வழியாகப் போயிருக்கிறார்கள்.

பின்னால் அவருடைய கண்ணாடிக்கூடு. அந்தப் பெண் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே அடுக்கினாள். கத்தி இல்லை. நீளமானது ஒன்றுமில்லை. பல் டாக்டர் கண்ணாடியை மட்டும் எடுத்து, அக்கம்பக்கம் பார்த்து, வாயைத் திறந்து தன் கடைவாய்ப் பல்லைப் பார்த்துக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் திருப்பி வைக்கப் பார்த்தாள். முடியவில்லை. எங்கள் மேடம் அவளை நகர்த்தாமல் நகர்த்தி, ஏழு வினாடியில் அடுக்கி, 'டப்' என்று மூடினார்.

விமானத்தில் கேட்டார்: "கத்தி எதுக்குங்க உங்களுக்கு? தராசை அறுக்கப் போறீங்களா?"

பிறகு மேகத்தைப் பார்த்தபடி, என்னிடம் சொல்வது போலவும் இல்லாமல் சொன்னார்: "ஊர்ல பதினஞ்சு வருசமுங்க, அசெம்பிளி பெஞ்சு. நான் பூட்டுன தராசு எங்கெங்கியோ போகும். நான் போனதில்லீங்க. பொம்பளை சைட்டுக்குப் போயி என்ன பண்ணுவான்னு உக்காத்தி வெச்சுட்டாங்க. இங்க வந்துதான் மொதல் தடவையா தராசு மேல மூட்டை ஏறுறதைப் பாத்தனுங்க."

அவர் கோபத்துக்கு வேர் எங்கே என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்தும் நான் செய்த காரியம் இனிமேல்தான் வருகிறது.

வெள்ளிக்கிழமை சில சமயம் நகரத்துக்கு நடுவில் இருக்கிற தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போவோம். செட்டிநாட்டார் கட்டியது. ஊதுபத்திக் கட்டோடு வருகிற வியட்நாமியக் கூட்டத்துக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேர். மற்றவர்கள் வேண்டிக்கொள்வார்கள். இவர் சன்னிதி முன்னால் நின்று முறைப்பார். ஒரு நாள் வெளியே வந்து செருப்பு மாட்டும்போது சொன்னார்: "பாத்தீங்களா, கையில ஒரே ஒரு தண்டமுங்க. மடக்குற ஐட்டமே கெடையாது." கோபமில்லாமல் அவர் பேசிக் கேட்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.

விமான நிலையத்தில் பறிபோனதற்குப் பதிலாக எம்.டி. அடுத்த நாளே எனக்கு வேறு மல்டி டூல் கொடுத்தார். வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க என்று கம்பெனி முத்திரை பொறித்து இருநூறு வாங்கி வைத்திருந்தார். எம்.டி. சென்னைக்காரர். நல்ல மனிதர் என்று சொல்லத்தான் ஆசை. புதிதாக ஒரு வார்த்தை கற்றுக்கொண்டால் அதை யார் தலையிலாவது இறக்காமல் தூங்கமாட்டார். அந்த வருடம் அவர் கற்றுக்கொண்ட வார்த்தை 'மல்டி டாஸ்கிங்'.

தெத் புத்தாண்டு விடுமுறைக்கு முன்னால் எல்லாக் கம்பெனியிலும் விருந்து உண்டு. "யோவ் ரைட்டர், எனக்கு ஒரு பேச்சு எழுதிக் குடுய்யா. நம்ம மல்டி டூலை வெச்சு, மல்டி டாஸ்கிங் பத்தி. உனக்குத்தான் இதெல்லாம் தண்ணி பட்ட பாடாச்சே" என்றார்.

எழுதினேன். நக்கலாக எழுதினேன். கண் இருக்கிற எவனுக்கும் நக்கல் என்று தெரிகிற மாதிரிதான் எழுதினேன்: "நாளைய ஊழியர் ஒரு மல்டி டூல். ஒரு பக்கம் விரித்தால் விற்பனையாளர். மறுபக்கம் விரித்தால் டிரைவர். அடியில் நகத்தை விட்டு இழுத்தால் சர்வீஸ் இன்ஜினியர். அவர் எதையும் முழுசாகச் செய்யமாட்டார். ஆனால் பாக்கெட்டில் அடங்குவார்!"

எம்.டி. படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்து, என் முதுகில் தட்டி, 'இதெல்லாம் பேச முடியாதுய்யா' என்பார் என்று நினைத்தேன். அவர் விருந்தில் அதை ஒரு வார்த்தை விடாமல், கண் கலங்கப் படித்தார். ஊழியர் ஒருவர் வியட்நாமிய மொழியில் திருப்பிச் சொன்னார். எல்லாரும் பீர் கோப்பையைத் தூக்கி, "மோட், ஹாய், பா, யோ!" என்று ஒன்று இரண்டு மூன்று எண்ணிக் குடித்தார்கள்.

ஒரே ஒருவர் மட்டும் சிரித்தார். மூலை மேஜையில் மேடம், வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் நக்கல் ஒருவருக்காவது புரிந்ததே என்று பெருமையாக இருந்தது. பெருமையாக! இதை எழுதும்போது பேனாவை எடுத்து என் கட்டைவிரலிலேயே குத்திக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

விடுமுறை முடிந்து மூன்றாம் வாரம் வாசலில் இருந்த சர்வீஸ் டிபார்ட்மெண்ட் பலகையைக் கழற்றினார்கள். இனிமேல் தனியாக சர்வீஸ் கிடையாது, விற்பனைக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள், எல்லாரிடமும் மல்டி டூல் இருக்கிறதே என்று கடிதம் வந்தது. கடிதத்தில் என் வாக்கியங்கள் இருந்தன. ஒரு எழுத்து மாறவில்லை. 'பாக்கெட்டில் அடங்குவார்' உட்பட. வேலை போனால் பெர்மிட் போகும்; பெர்மிட் போனால் மாதக் கடைசிக்குள் ஊருக்குப் போக வேண்டும். ஊரில் அவருக்கு அந்தப் பெஞ்சு காத்திருந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தார்.

"இது நீங்க எழுதுனதுங்களா?"

"கிண்டலா எழுதினேன் மேடம்."

"தெரியுமுங்க. நாந்தான் சிரிச்சனே."

தலைக்கு மேல் விமானம் போயிற்று. போய் முடிகிற வரை நின்றார்.

"கிண்டலுன்னு அவருகிட்டச் சொன்னீங்களா?"

நான் மேஜைமேல் கிடந்த விலைப்பட்டியலை நேராக்கி வைத்தேன்.

"போயிச் சொல்லுங்க."

'ங்க' ஒன்றுதான். ஐந்தைவிட அந்த ஒன்று பயமாக இருந்தது.

போனேன். மாடிப்படி ஏறும்போது எனக்கும் கோபம் வந்திருந்தது. எப்படியெல்லாம் பேச வேண்டும் என்று ஒவ்வொரு படியிலும் ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். மூன்றாம் மாடி, ஏறக்குறைய ஐம்பது வாக்கியம். கதவைத் திறந்தால் எம்.டி.யின் பின்சுவரில் நான் எழுதிய அந்த ஒரு பக்கம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது.

"வாய்யா ரைட்டர்! உனக்கே போன் பண்ணணும்னு இருந்தேன். இன்னையிலேர்ந்து நீதான் சேல்ஸ் அண்ட் சர்வீஸ் ஹெட். ஐடியா உன்னுது, நீயே நடத்து."

ஐம்பது வாக்கியமும் மடங்கி உள்ளே போய்விட்டன. மடக்குவதற்கென்றே செய்த ஆள் நான். "தேங்க்யூ சார்" என்றேன்.

கீழே இறங்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கண்ணாடிக்கூட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

சேல்ஸ் அண்ட் சர்வீஸ் ஹெட்டுக்கு நான்காம் நாளே சர்வீஸ் வந்தது. நகரத்துக்கு வடக்கே ஒரு மிளகுக் கிடங்கு. அங்கே மேற்பார்வை சி ஹோவா, நாற்பது வயது, குரலாலேயே மூட்டையை நகர்த்துகிறவர். மூட்டை போடும் மேடைத் தராசு ஒரு மூலையில் குறைவாகக் காட்டுகிறது. இடது பக்கம் வைத்தால் ஐம்பது கிலோ, வலது பக்கம் வைத்தால் நாற்பத்தெட்டே முக்கால். கன்டெய்னர் லாரி வாசலில் நிற்கிறது. சாயங்காலத்துக்குள் துறைமுகத்துக்குப் போகாவிட்டால் கப்பல் போய்விடும்.

மேடையைத் தூக்கிப் பார்த்தேன். காரணம் எனக்கே தெரிந்தது, அதில்தான் விபரீதம். ஒவ்வொரு மூலையிலும் அளவுக்கு மேல் பாரம் ஏறினால் தாங்குவதற்கு ஒரு போல்ட் நிற்கும். அதற்கும் மேடைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். வலது மூலைப் போல்ட் தளர்ந்து, மேலே ஏறி, மேடையைத் தொட்டு, மூட்டைப் பாரத்தில் கொஞ்சத்தைத் தானே வாங்கிக்கொண்டிருந்தது. போல்ட்டை இறக்கி நட்டை முறுக்கினால் தீர்ந்தது.

இறக்கினேன். மல்டி டூலின் குறட்டால் நட்டை முறுக்கினேன். நட்டோடு போல்ட்டும் சேர்ந்து சுற்றி மேலே வந்து மேடையைத் தொட்டது. மறுபடி இறக்கினேன். மறுபடி ஏறியது. போல்ட்டைப் பிடிக்க ஒன்று வேண்டும், நட்டை முறுக்க ஒன்று வேண்டும். என்னிடம் பதினாலு இருந்தன, ஒரே கைப்பிடியில். போல்ட்டைக் கைவிரலால் பிடித்துப் பார்த்தேன். பல்லால் பிடிக்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பதினோரு தடவை. மிளகுத்தூசியில் தும்மல் வேறு. கடைசியில் குறடு வழுக்கி நட்டின் மூலையெல்லாம் மழுங்கிவிட்டது.

"ஆன் ஓய்!" என்றார் சி ஹோவா. அண்ணே என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார். "சி அன் எங்கே?"

"அவர் வேலையில் இல்லை. இப்போது நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். என் இடுப்பைப் பார்த்தார். போனை எடுத்து அவரே பேசினார்.

நாற்பது நிமிடத்தில் வாடகைக்கு ஓடும் ஒரு செ ஓம் வந்து நின்றது. மோட்டார் சைக்கிள்காரருக்குப் பின்னால் ஹெல்மெட்டோடு மேடம். இறங்கினார். வந்தார். நான் மழுக்கி வைத்திருந்த நட்டைக் குட்டிக் கண்ணாடியில் பார்த்தார்.

"ஏனுங்க, இதை நாய் கடிச்சுதுங்களா?"

"நான்தான்."

"நாயே தேவலைங்க."

கண்ணாடிக்கூடு 'டப்' என்று திறந்தது. மழுங்கிய நட்டைக் குறட்டால் கழற்றி, உதிரி நட்டு ஒன்றைப் போட்டார். பழைய போன் கார்டை எடுத்துப் போல்ட்டுக்கும் மேடைக்கும் நடுவே செருகினார். கார்டு லேசாக உரசி வெளியே வரும் அளவுக்குப் போல்ட்டை வைத்தார். அந்தக் கார்டின் கனம்தான் வேண்டிய இடைவெளி. அதற்குத்தான் கார்டு.

இரண்டு ஸ்பேனரில் ஒன்றை என் கையில் கொடுத்தார். "போல்ட்டைப் புடிங்க. திருகக் கூடாது, புடிக்கோணும். அதாச்சும் வருமுங்களா?"

பிடித்தேன். அவர் நட்டை முறுக்கினார். கால் நிமிடம். அந்தக் கால் நிமிடம் முழுக்க அவர் முகம் என் முகத்துக்கு அரை அடி தூரத்தில் இருந்தது. என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

நாலு மூலையிலும் மூட்டை வைத்துப் பார்த்தார்கள். நாலிலும் ஐம்பது. லாரி புறப்பட்டது. சி ஹோவா அங்கேயே நின்று எம்.டி.க்குப் போன் போட்டு, சி அன் இல்லையென்றால் இனி உங்கள் தராசு வேண்டாம் என்று கத்தினார். மேடம் அதைக் கேட்டுக்கொண்டு பிரஷ்ஷால் மிளகுத்தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். கை தட்டிய இடத்தையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தது. வேலை திரும்பக் கிடைக்கும் என்று அவர் நம்பிவிட்டார் என்பது தெரிந்தது. நானும் நம்பினேன்.

அன்று மாலை எம்.டி. என்னிடம் அறிக்கை கேட்டார். இந்தத் தடவை நக்கல் கிடையாது. முதல் தடவையாக ஒரு ஜோக்கும் இல்லாமல் எழுதினேன். தராசைச் சரிசெய்தவர் அவர். நான் ஒரு நட்டைக் கெடுத்தேன். ஒரே கருவியால் இந்த வேலை முடியாது. ஒரே ஆளை எல்லா வேலைக்கும் வைத்தாலும் முடியாது. விருந்தில் படித்தது கேலிக்காக எழுதியது. அதை நம்பி ஒரு நல்ல இன்ஜினியரை அனுப்புகிறீர்கள், இது தப்பு. கையெழுத்துப் போட்டு, நானே கொண்டுபோய் நீட்டினேன்.

எம்.டி. படித்தார். இரண்டாவது வரியில் உதடு துடித்தது. நாலாவது வரியில் கண்ணாடியைக் கழற்றினார். முடிவில் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"'நான் ஒரு நட்டைக் கெடுத்தேன்'! யோவ், கொன்னுட்டய்யா! இதை அடுத்த விருந்துல படிக்கிறேன்."

"சார், இது நிஜம்."

"அதுதாம்பா உன் ஸ்டைலே! மூஞ்சியை இப்படி வெச்சுக்கிட்டே சொல்ற பாரு!"

இருபது வருடமாகப் பத்திரிகைகளில் எழுதுகிறேன். நான் விளையாட்டாகச் சொன்னது சட்டமாயிற்று. வயிறெரிந்து சொன்னது நகைச்சுவையாயிற்று. சி ஹோவாவுக்கு எம்.டி. மறுநாள் ஒரு கூடை பழமும் ஒரு டஜன் மல்டி டூலும் அனுப்பிவைத்தார். லாரி நேரத்துக்குப் போய்விட்டதல்லவா, பாலிசி வெற்றி.

நான் அதற்கு மேல் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. அந்த மூன்றாம் மாடியில் நின்று கத்தியிருக்கலாம். பதவியைத் தூக்கி மேஜையில் எறிந்திருக்கலாம். சுவரில் மாட்டியிருந்த என் பக்கத்தைக் கழற்றிக் கிழித்திருக்கலாம், அதையாவது செய்திருக்கலாம். என் பெர்மிட்டும் அதே மேஜையில்தான் இருந்தது. எம்.டி. மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் உண்டு. ஆனால் அவர் புரியாமல் செய்தார். எனக்குப் புரிந்தது, அந்தக் கட்டடத்தில் எல்லாரையும்விட நன்றாகப் புரிந்தது. பாக்கெட்டில் அடங்கியவன் நான்தான்.

கடைசி நாள் அலுவலகத்துக்கு வந்தார். விடைபெற என்று நினைத்து எழுந்து நின்றேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"என்ற ஸ்பேனரு ஒண்ணு உங்ககிட்ட இருக்குதுங்க."

மிளகுக் கிடங்கில் பிடித்த ஸ்பேனர், அதே பேண்ட் பையில் மறந்து கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். துணியால் துடைத்துக் கூட்டில் அதனிடத்தில் வைத்து மூடினார்.

"மேடம், நான் எழுதிக் குடுத்தேன். நிஜத்தைத்தான் எழுதினேன். அவர் சிரிச்சிட்டார்."

"கேள்விப்பட்டனுங்க."

வேறு ஏதாவது சொல்வார் என்று நின்றேன். படியிறங்கிப் போய்விட்டார். மாத முதல் தேதி விசாரணையில் வெளியே போன சாமானைப் பார்ப்பாரே, அந்தப் பார்வைகூட எனக்குக் கிடைக்கவில்லை.

அவர் ஊருக்குப் போன வாரத்தில் ஒரு மாலை, கோயிலிலிருந்து நேராக ஆற்றங்கரைப் படகுத்துறைக்குப் போனேன். இடுப்பிலிருந்து மல்டி டூலை உறையோடு கழற்றினேன். பதினாலு கருவியையும் விரித்தேன். மடங்கியபடி போகக் கூடாது என்று ஒரு வைராக்கியம். பலம் கொண்ட மட்டும் சைகோன் ஆற்றில் எறிந்தேன். பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் மீன் ஓடிவிட்டது என்று திட்டினார். அந்தத் திட்டுகூட இதமாக இருந்தது. மூன்று மாதம் கழித்து அந்த வேலையையும் விட்டேன். அதையும் வீரம் என்று சொல்லத்தான் ஆசை; வேறு வேலை கிடைத்த பிறகுதான் விட்டேன்.

ஒரு வருடம் ஆனபிறகு தைரியத்தைத் திரட்டி அவருக்குப் போன் போட்டேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் போலிருக்கிறது. பின்னால் மிஷின் சத்தம். சுகம் விசாரித்துவிட்டு, ஆற்றில் எறிந்த கதையை முழுசாகச் சொன்னேன். விரித்தது, எறிந்தது, தூண்டில்காரர் திட்டியது, எல்லாம். சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தேன். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒளிப்பதில் அர்த்தமில்லை.

மிஷின் சத்தம் நின்றது.

"அதை எதுக்குங்க எறிஞ்சீங்க?" என்றார். "பீர் பாட்டிலு நல்லாத் தொறக்குமுங்களே."